சாமான் அலமாரியில் இருந்த டப்பா

அம்மா மண்டபம் ரோடு,
ஸ்ரீரங்கம்.
ஆனி 14, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா இருசம்மாள் எழுதுவது. நானும் உன் பெண்சாதி பிரேமலதாவும் பாப்பாவும் சமயபுரத்தாள் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் சிங்கப்பூரில் அப்படியே இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அறையில் மேல் கட்டிலில் படுக்கிற லால்குடி பாக்கியநாதன் லீவு முடிந்து நாளைக்கு மறுநாள் விமானம் ஏறுகிறான் அல்லவா, உனக்குக் கொடுத்தனுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு நேற்று வீட்டுக்கு வந்தான். உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "அண்ணன் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா" என்றான். அந்தத் "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக இருக்கிறவனை யாரும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லமாட்டார்கள். இன்னொரு தம்ளர் காப்பி கொடுத்து, நாலு குழிப்பணியாரம் வைத்து, மறுபடியும் கேட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இடுப்பு வலிக்கு நீ அந்தச் செங்கல் நிற மாத்திரையை தினமும் மூன்று போடுகிறாயாம், அதிலும் காலையில் போடுவது வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடாம். கேன்டீன் குழம்பு காரம், நெஞ்சு எரிகிறது என்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாயாம். கப்பல் பட்டறையில் ஏணி ஏறி இறங்கினால் மூச்சு வாங்கித் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறாயாம். அதெல்லாம் என் வார்த்தை தம்பி. மாசியிலும் பங்குனியிலும் இந்த வீட்டில் நான் சொன்ன அதே வார்த்தை.

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் உனக்குப் போன் போட்டேன். வயிறு எப்படி இருக்கிறது என்றேன், "ஒண்ணும் இல்லம்மா, கேன்டீன் சாப்பாடு" என்றாய். அந்த மாத்திரையை நிறுத்து என்றேன், "சரிம்மா சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பாப்பாவிடம் கொடு என்றாய். நீ ஒரு தடவை சரிம்மா என்றால் கேட்பாய், இரண்டு தடவை சொன்னால் கேட்கமாட்டாய், பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எனக்கு இது தெரியும். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு நின்ற கையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனை வைத்துவிடலாம், கடுதாசியை என்ன செய்வாய். இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் ஒரு விஷயத்தைப் போனில் சொல்லமாட்டேன் என்று பிரேமலதா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடுதாசிக்கு நான் சத்தியம் செய்யவில்லை. பங்குனியில் நீ போன் போட்டபோது, அத்தை முசிறிக்குப் போயிருக்கிறார்கள், அங்கே டவர் கிடைக்கவில்லை என்று அவள் சொன்னாளே, அது பொய். முசிறியில் டவர் கிடைக்காமல் போகுமா, நீயும் நம்பினாய். நான் அப்போது மன்னார்புரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், கையில் ரத்தம் ஏறிக்கொண்டு படுத்திருந்தேன். பயப்படாதே, இப்போது கல் மாதிரி இருக்கிறேன். அவளையும் திட்டாதே. ஏணியில் நிற்கிறவர் காதில் இதைப் போட்டால் கை நழுவிவிடும் என்றுதான் மறைத்தாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

நீ பொங்கலுக்கு வந்தபோது சட்டைக்குள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தாய். என்னடா இது என்றதற்கு அங்கே எல்லோரும் கட்டுவார்கள் என்றாய். குனிந்து செருப்பு மாட்டுகிறபோது உன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன், என் பிள்ளை இடுப்பை நேராக்கிக் கொடு, இந்த வருஷம் பச்சைப் பட்டினி இருக்கிறேன் என்று. நமக்காக ஆத்தாளே இருபத்தெட்டு நாள் தளிகை இல்லாமல், துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமாக இருக்கிறபோது நாம் இருக்கக்கூடாதா. தை பத்தாம் தேதி, புதன்கிழமை, நீ கிளம்புகிற அன்று அந்த வெள்ளை டப்பாவை என் கையில் கொடுத்து, "முட்டி வலிச்சா ஒண்ணு போடும்மா, நானே தெனமும் போடுறேன், ஒண்ணும் செய்யாது" என்றாய். அதைக் கொண்டுபோய் நான் எங்கே வைத்தேன் என்று நினைக்கிறாய். நீ கொண்டுவருகிற கோடாலித் தைலம், சோப்பு, மைலோ டப்பா, சாக்லேட்டு எல்லாம் வைத்துப் பூட்டுகிற அலமாரியில் வைத்தேன். அங்கேதான் தம்பி நான் தப்புச் செய்தேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுகிற மாத்திரை பிளாஸ்டிக் டப்பாவில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது, அது மருந்து. உன் டப்பா சிங்கப்பூர் சாமான். தைலத்தை எடுத்துத் தடவுகிற மாதிரி அதை எடுத்து வாயில் போட்டேன். முதலில் வலித்தால் ஒன்று, அப்புறம் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. தெருவில் எல்லோரிடமும் பெருமை பேசினேன், நம் வீட்டெதிரில் பூக்கட்டுகிற அமலராணிக்குக் கூட கால் வலி என்றதும் பத்து மாத்திரை அள்ளிக் கொடுத்தேன், என் மகன் கொண்டு வந்தது என்று.

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் அன்று பட்டினியை ஆரம்பித்தேன். தட்டில் பூ எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்து வழியாகச் சமயபுரத்துக்கு நடந்தே போனேன், ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதாக வேண்டுதல். நடக்க வேண்டுமே என்று மாத்திரை மூன்றானது. வயிற்றில் மோரும் பானகமும் தவிர ஒன்றும் இல்லை. சோறு தின்றால்தான் விரதம் கெடும், மாத்திரைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். எரிச்சல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. மாசி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முசிறியில் உன் சித்தி அனுசுயாவின் பேரனுக்குக் காது குத்து. கிடாய்க் கறி சாப்பிட்டேன், அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே நெஞ்சுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அவளைத் தவிர வேறு யார் மேல் எனக்குச் சந்தேகம் வரும். அவளுக்கும் எனக்கும் உள்ளது உனக்குத் தெரியாததா. ஆறு வருஷத்துக்கு முன் தன் மகள் கல்யாணத்துக்கு மூத்த மருமகள் எனக்குத் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து நேரில் அழைக்காமல், பிரேமலதா போனுக்குப் படம் அனுப்பினவள் அவள். தான் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட புடவை கட்டி நிற்கிற படம் ஒன்றும் கூடவே அனுப்பினாள். நாலு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மறுபடி பேச ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கிடாய்க் கறி. ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸுக்கு நின்றவளைப் பிடித்து, சொந்தக்காரர்கள் நாலு பேர் பார்க்க, உன் வீட்டுப் பழைய எண்ணெய்தான் என் குடலை அரித்துவிட்டது என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிப் போனாள். பேசாமல் போனதே குற்றம் செய்ததற்கு அடையாளம் என்று பிரேமலதாவிடம் சொன்னேன்.

பட்டினி பாதியைத் தாண்டியபோது எரிச்சல் குறைந்துவிட்டது, ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் வெளிக்குப் போவது கருப்பாகப் போனது. சும்மா கருப்பு இல்லை, ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றமும் வேறு மாதிரி. தினமும் கருப்பட்டிப் பானகம் குடிக்கிறோம், கருப்பட்டி கருப்பாகத்தானே போகும் என்று இருந்துவிட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது, பட்டினி உடம்பு அப்படித்தான் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள் கதவைப் பிடித்தேன், கதவு என் கையில் நிற்கவில்லை. கண் விழித்தபோது ஆட்டோவில் பிரேமலதா மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். "அத்தை, கண்ணத் தொறங்க, என்னயப் பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள் பாவம். இவள் சமைக்கிற சாம்பாரைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் அந்தக் காவிரிப் பாலத்தின் மேல் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆஸ்பத்திரியில் வேதவதி என்று ஒரு டாக்டர் பெண், இங்கே ஸ்ரீரங்கத்துப் பெண்தான், உத்திர வீதி. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தாள். இரைப்பையில் ஒரு புண், அதைத் தாண்டிக் குடல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புண், அதிலிருந்து ரத்தம் கசிகிறது, அந்த ரத்தம்தான் உள்ளேயே செரித்துத் தார் மாதிரி வருகிறது என்றாள். கசிகிற இடத்தில் துணிக்கு கிளிப் போடுகிற மாதிரிக் குட்டியாக ஒரு கிளிப்பை வைத்து அடைத்தாள். "பாட்டி, வலிக்கு ஏதாவது மாத்திரை போடறேளா" என்று கேட்டாள். இல்லை என்றேன். மருந்துக் கடையில் வாங்கினேளா என்றாள், இல்லை என்றேன். நாட்டு மருந்து, பொடி, லேகியம் என்றாள், இல்லை இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை தம்பி. உன் டப்பா என் நினைவுக்கே வரவில்லை. எனக்கு மறதி என்பதே கிடையாது, உன் பாட்டன் செத்த அன்று யார் யார் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் மாத்திரை என்று கேட்டபோது என் மனசு சாமி படத்துக்குக் கீழேதான் போனது, சாமான் அலமாரிக்குப் போகவில்லை. பிரேமலதா கொண்டுவந்து காட்டியதும் அந்தச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைதான். டாக்டர் பெண் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் யார் வந்து நின்றது என்று நினைக்கிறாய். அனுசுயாதான். பிரேமலதா என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமே, பாப்பாவுக்குத் துணைக்கு யாராவது வேண்டும் என்று முசிறிக்குச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து நம் வீட்டில் இறங்கியிருக்கிறாள். வெயிலில் வந்ததில் தலைவலி, கோடாலித் தைலம் இருக்கா என்று பாப்பாவிடம் கேட்டு, அது சாவியை எடுத்துக் கொடுக்க, அலமாரியைத் திறந்திருக்கிறாள். பாதிக்கு மேல் காலியாக உன் டப்பா. அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நேராக மன்னார்புரத்துக்கு வந்து, என் கட்டில் மேல் டக்கென்று வைத்தாள். "இதத் தின்னுட்டா அக்கா என் எண்ணெயச் சொன்னீங்க?" என்றாள். அது மாத்திரை இல்லடி, இளவரசன் கொண்டுவந்தது என்றேன். ஊசி போட வந்த நர்ஸ் பிரான்சி சிரித்தாள். அனுசுயா சிரிக்கவில்லை. "அவருக்கு வயித்தக் கிழிச்சாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க? இதே சாதி மாத்திரதான். வாழத்தார் தூக்கித் தூக்கி முதுகு வலின்னு ரெண்டு வருசம் தின்னாரு. குடல்ல ஓட்ட விழுந்துருச்சு" என்றாள். உன் சித்தப்பா காத்தானுக்குக் கொரோனாவுக்கு முந்தின ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். வயிற்றில் ஏதோ கட்டி என்று ஊரில் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, அது பத்திரிகைச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கும் இந்தச் சங்கதி தெரிந்திருக்கும், நீ டப்பாவை நீட்டிய அன்றே வேண்டாமென்று சொல்லியிருப்பேன், உன்னையும் தடுத்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, மற்றதெல்லாம் ஆறிவிட்டது. அப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள். "என் எண்ணெய பஸ் ஸ்டாண்டுல வச்சுத் திட்டினீங்க, உங்க மவன எங்க வச்சுத் திட்டப் போறீங்க?" என்றாள்.

அதற்குப் பதில் இப்போது உனக்கே எழுதுகிறேன். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ ஒன்று போடு என்றாய், நான் மூன்று போட்டேன். வலித்தால் என்றாய், நான் நடப்பதற்காகப் போட்டேன். என் வலி போக வேண்டும் என்று கடல் தாண்டிக் கொண்டுவந்த கையை நான் குற்றம் சொல்வேனா. இதை நினைத்து நீ ஒரு வேளைச் சோற்றைத் தள்ளினாலும் அது எனக்குச் செய்கிற துரோகம், அதற்கு வேண்டுமானால் உன் மேல் மனத்தாங்கல் வைப்பேன்.

டாக்டர் பெண் டப்பாவைப் பார்த்ததும் "இதுதான் பாட்டி, இதைத்தான் நேத்திலேர்ந்து தேடிண்டிருக்கேன்" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கச் சொன்னாள். உடம்பில் வலியைக் கிளப்பிவிடுகிற ஆளும் வயிற்றுக்குள் பூச்சுப் பூசிக் காக்கிற ஆளும் ஏறக்குறைய ஒரே ஆள்தானாம். மாத்திரை அந்த ஆளைக் கட்டிப்போட்டு விடுகிறது. வலி நிற்கிறது, பூச்சும் நின்றுபோகிறது. எண்ணெய் தடவாத கல்லில் மாவு ஊற்றினால் என்ன ஆகும், பிய்ந்துகொண்டுதானே வரும், வயிற்றுச் சுவர் அப்படி ஆகிறது. பங்குனியில் எனக்கு எரிச்சல் குறைந்ததே, அது குணமானதால் இல்லையாம், வலி மாத்திரை புண்ணின் வலியையும் சேர்த்து அமுக்கியிருக்கலாமாம். வீட்டில் திருடன் புகுந்தபோது நாய்க்குப் பிஸ்கோத்து போட்டு வாயை அடைத்த கதை. சிலருக்கு ரத்தம் போய் விழுகிற வரைக்கும் ஒன்றுமே தெரியாதாம். இரைப்பையோடு நிற்காமல் கீழே சிறுகுடலையும் அரிக்குமாம், அங்கே இந்தக் கேமரா எட்டாதாம். இனிமேல் சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன் என்று நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் கேட்டேன். வெறும் வயிற்றில் போடுவது மோசம், ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, மாத்திரை ரத்தத்தில் கலந்துபோய்த்தான் அந்த வேலையைச் செய்கிறது, ஊசியாகப் போட்டால்கூடச் செய்யும் என்றாள். எனக்கு வயது ஆகிவிட்டது, அதனால் சீக்கிரம் விழுந்தேன், இளவயதுக்காரனுக்கும் நாள் கணக்கில் தின்றால் வரும் என்றாள்.

பட்டினி பாதியில் நின்றுபோனதுதான் எனக்கு அங்கே பெரிய கவலையாக இருந்தது. உன் இடுப்புக்காகச் சொன்ன நாள் ஆயிற்றே, ஒன்பது நாள் மிச்சம் கிடக்கிறது, ஆத்தா என்ன நினைப்பாள் என்று கண்ணீர் விட்டேன். அனுசுயா என் வாயில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "சொன்ன நாள் நிக்கக் கூடாதுக்கா, மிச்சத்த நான் இருக்குறேன்" என்றாள். இருந்தாள். ஒன்பது நாளும் மோரும் துள்ளுமாவுமாக இருந்துகொண்டு, நம் வீட்டு அடுப்பில் எனக்குக் குழைய வடித்து, பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டு, பங்குனி கடைசி ஞாயிறு சமயபுரம் போய் முடித்துவிட்டு வந்தாள். வந்ததும் "பாத்தீங்களா, மாத்திர இல்லாமயே நடந்துட்டேன்" என்று குத்திக் காட்டவும் மறக்கவில்லை. இனி அவளோடு எப்படிச் சண்டை போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கெட்டதை மறக்காதவளுக்கு நல்லதும் மறக்கமாட்டேன் என்கிறது. கிடாய்க் கறி விஷயத்துக்கு அவள் வீட்டுக்கே போய், அவள் மருமகள் எதிரில், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்திரிகை விஷயம் அப்படியே இருக்கிறது, அது வேறு.

இப்போது என் நிலைமையைக் கேள். இரண்டு மாதம் புண்ணாற்றுகிற மாத்திரை தந்தார்கள், வைகாசியில் டாக்டர் பெண் மறுபடி கேமராவில் பார்த்துச் சுத்தமாக ஆறிவிட்டது என்றாள். வீட்டில் இருக்கிற மருந்து, தைலம், சாமான் அத்தனையையும் ஒரே கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், மைலோவைக்கூட விடவில்லை, அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பால் கலந்து குடிங்கோ என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டுக்குள் நுழையும் முன்னே அமலராணியிடம் போய் நான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன், நல்லவேளை இரண்டுதான் போட்டிருந்தாள். முட்டிக்கு டாக்டர் பெண் வேறு மாத்திரை கொடுத்திருக்கிறாள், வலி அதிகமானால் மட்டும் போடுவது. அதைவிட, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சிதான் கேட்கிறது, பாப்பா எதிரில் நின்று எண்ணும், நான் ஏமாற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சாயங்காலம் அம்மா மண்டபம் வரை நடந்துபோய் மேல் படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். போன செவ்வாய் கெண்டை மீன் குழம்பு வைத்து இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன், எரியவில்லை, படுத்ததும் தூக்கம் வந்தது. இந்த வயதில் வேறென்ன வேண்டும். பிரேமலதாவுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்வதற்குள் நீ போனை வைத்துவிட்டாய் என்று குறைப்பட்டாள், கேட்டுக்கொள்.

நான் இப்படி நிம்மதியாக இருக்கிறேன், நீ அங்கே ஏணியின் நடுவில் தலை சுற்றி நிற்கிறாய், இது எந்த ஊர் நியாயம். கம்பெனி டாக்டரிடம் இடுப்பு வலி என்று சொன்னால் ஏணி ஏற விடமாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீ பயப்படுவதையும் பாக்கியநாதன் சொல்லிவிட்டான், அவனைக் கோபிக்காதே, மூன்றாவது பணியாரத்தில்தான் அது வெளியே வந்தது. அனுப்பினால் வா. தரையில் நின்று செய்கிற வேலை உலகத்தில் இல்லாமல் போகவில்லை. மேலே இருந்து விழுந்து வந்தால் நாங்கள் என்ன செய்வது. இன்று காலை நான் பஸ் ஏறி மன்னார்புரம் போய் டாக்டர் பெண்ணைப் பார்த்து உன் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும், வலிக்கு அங்கேயுள்ள டாக்டர் வேறு வழி சொல்வார், கருப்பாகப் போனாலோ ரத்தமாக வாந்தி வந்தாலோ வேலை லீவு என்று பார்க்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள், இந்தக் கடுதாசிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், அதை அங்கே டாக்டரிடம் காட்டு. பாக்கியநாதனிடம் சொல்லியிருக்கிறேன், நீ படித்து முடிக்கிற வரைக்கும் அவன் எதிரில்தான் நிற்பான், முடித்ததும் டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு அவனோடேயே கிளம்பு. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லாதே. ஊறுகாய் அனுப்பவில்லை, பருப்புப் பொடியும் காய்ந்த நெல்லிக்காயும் வைத்திருக்கிறேன், எதைத் தின்னலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத் தின்னு.

சமயபுரத்தாள் உன் இடுப்பையும் வயிற்றையும் சேர்த்துக் காக்கட்டும். என் பேச்சை ஒரு தடவை கேட்ட பிள்ளையாக, ஒரே ஒரு சரிம்மாவோடு, நூறு வருஷம் நன்றாக இரு. முக்கியமானது ஒன்று பாக்கி. வெளிக்குப் போவது என்ன நிறம் என்று நாளைக் காலையிலேயே பார்த்து எனக்குப் போன் செய்து சொல். இதை உன் பெண்சாதிக்குக் கேட்கக் கூச்சம், உனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, மூன்று வயது வரை தினமும் அதைப் பார்த்துக் கழுவி விட்டவள்தான் கேட்கிறேன்.

உன் அம்மா,
கா. இருசம்மாள்